நேற்றைய மழையில் முளைத்த காளானா?



"நேத்து பெஞ்ச மழையில இன்னைக்கு முளைச்ச காளான்" என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு வசவு உண்டு. யாராவது புதிதாகக் கொஞ்சம் தலை தூக்கினால் போதும், இதைச் சொல்லிவிடுவார்கள். அடி இல்லை, வேர் இல்லை, பூர்வீகம் இல்லை, காலையில் வந்தது சாயங்காலம் போய்விடும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் இந்த வசவு என் காதிலும் சில தடவை விழுந்திருக்கிறது. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அந்தக் காளானைப் பற்றித்தான் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே என்று நூலகத்தில் உட்கார்ந்தேன். படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, சொன்னவருக்குக் காளானைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று!

"இது பயாலஜி குரூப் சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்குப்பா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதில் ஹீட்டர் வருகிறது, கரண்ட் அளப்பது வருகிறது, கம்ப்யூட்டர் வருகிறது, ரெக்கார்ட் நோட்டுகூட வருகிறது. கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காளான் எந்த ஜாதி?

மழை முடிந்து நாம் பார்க்கும் குடை, காளானின் முழு உடம்பு அல்ல. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அப்படித்தான் பூஞ்சைக்குக் குடை. அதன் நிஜமான உடம்பு நூலைவிட மெல்லிய இழைகளாக மண்ணுக்குள்ளும், மட்கிய மரத்துக்குள்ளும், சாணத்துக்குள்ளும் பின்னிக் கிடக்கிறது. நேரமும் ஈரமும் கூடி வரும்போது குடையை மேலே அனுப்பும். குடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் பறக்கும். அதோடு குடையின் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் ஆள் அப்படியே இருப்பான்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் போட்டபோது காளானையும் செடிகளோடுதான் சேர்த்தார். நகராமல் ஓரிடத்தில் நிற்கிறதே, வேறு எங்கே சேர்ப்பது? 1969-ல் விட்டேக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பூஞ்சைகளுக்குத் தனி ராஜ்யமே கொடுத்தார். 1993-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அதைவிடப் பெரிய குண்டைப் போட்டார்கள். காளான் செடிக்குச் சொந்தமே இல்லை, விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம்! யோசித்துப் பார்த்தால் அடையாளமும் இருக்கிறது. பூஞ்சையின் செல் சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டிலும் வண்டின் ஓட்டிலும் இருப்பது அதுவேதான். மிச்ச உணவைச் செடி மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கும். காளானோ நம் கல்லீரல் மாதிரி கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். நமக்கும் காளானுக்கும் பொதுவான முப்பாட்டன் 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்தவன் என்று கணக்கிடுகிறார்கள். ஆக, காளானைத் திட்டினால் அது பங்காளியைத் திட்டுவது மாதிரி!

முகத்தைப் பார்த்து உறவு சொன்ன காலம்

லின்னேயசுக்குப் பிறகு காளானுக்கென்றே உட்கார்ந்து பட்டியல் போட்டவர் எலியாஸ் ஃப்ரீஸ். இவரும் சுவீடன்காரர். 1821-ல் இவருடைய பெரிய நூலின் முதல் பகுதி வெளிவந்தது. குடைக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி தகடு இருக்கிறதா, சிறு துளைகள் இருக்கின்றனவா, முள் இருக்கிறதா என்று பார்ப்பார். வித்துத்தூளின் நிறம் வெள்ளையா, இளஞ்சிவப்பா, பழுப்பா, கறுப்பா என்று பார்ப்பார். ஒரு காகிதத்தின் மேல் குடையைக் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் காலையில் தூள் படிந்திருக்கும். காசில்லாத சோதனை. இன்றைக்கும் பயன்படுகிறது.

ஆனால் முக ஜாடையை வைத்து உறவு சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரே மாதிரி வேலை செய்பவர்களுக்கு ஒரே மாதிரி கை காய்த்துப் போகும், அதனால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? வித்துகளை உருண்டைக்குள் மூடி வைத்திருக்கும் காளான்களையெல்லாம் ஒரே வகுப்பில் அடைத்து வைத்திருந்தார்கள். மிதித்தால் புகை கிளம்புமே, அந்த உருண்டைக் காளானும் அதில் ஒன்று. டி.என்.ஏ.வைப் பார்த்தபோது அந்த வகுப்பே கலைந்து போனது. புகை உருண்டை நம் கடையில் விற்கும் பட்டன் காளானின் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தது. அதே மாதிரி தோற்றமுள்ள மண் உருண்டைக் காளான், குடைக்கு அடியில் துளையுள்ள காளான்களின் கூட்டத்துக்குப் போனது. நாற்றமடிக்கும் கொம்புக் காளான் வேறொரு வரிசைக்குப் போனது. மூடி வைக்கும் பழக்கம் தனித்தனியாகப் பல தடவை தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து, சாணக் குவியலில் முளைத்து ஒரே நாளில் கறுப்பு மையாக உருகி வழியும் காளான்கள். இவை எல்லாவற்றையும் கோப்ரினஸ் என்ற ஒரே பெயரில் வைத்திருந்தார்கள். 2001-ல் டி.என்.ஏ. சான்றை வைத்து அந்தப் பெயரைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கோப்ரினஸ் கொமாட்டஸ் என்பதும் அதன் சில கூட்டாளிகளும் மட்டும் பட்டன் காளான் குடும்பத்தில் நின்றன. பெரும்பாலான மற்றவை மூன்று புதிய பெயர்களில் வேறு குடும்பத்துக்குப் போயின. மை வடிவது ஒன்றுதான், வம்சம் வேறு!

ரெக்கார்ட் நோட்டு முறை

டி.என்.ஏ.வைப் பார்த்தால் உறவு எப்படித் தெரியும்? இதை நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு வகுப்பில் 60 பேர் ரெக்கார்ட் எழுதுகிறார்கள். சீனியர் நோட்டைப் பார்த்து ஒருவன் எழுதினான், அவனைப் பார்த்து நாலு பேர், அந்த நாலு பேரைப் பார்த்து மற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கல்லூரியில் யாரும் அப்படிச் செய்வதில்லை! பார்த்து எழுதும்போது அங்கங்கே பிழை விழும். "வோல்ட்மீட்டர்" என்பதை ஒருவன் "வோட்மீட்டர்" என்று எழுதினால், அவனைப் பார்த்தவர்கள் எல்லோரும் "வோட்மீட்டர்" என்றே எழுதுவார்கள். கெட்டிக்கார லெக்சரர் 60 நோட்டையும் பரப்பி வைத்து, எந்தப் பிழை யார் யாரிடம் பொதுவாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று ஒரு மரமே வரைந்துவிடலாம். சரியாக எழுதிய வரிகள் துப்பு தராது. பொதுவான பிழைதான் துப்பு.

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகளில் எழுதிய நோட்டு. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் பார்த்துப் படியெடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்த மாற்றம் வாரிசுகளுக்கெல்லாம் போகும். இரண்டு காளான்களின் எழுத்துகளை வரிசையாக அடுக்கி, எங்கெங்கே ஒரே மாற்றம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் உறவு மரம் கிடைக்கும். பரிணாமத்தைப் படிக்கும் வழியும் இதுதான், வகைப்படுத்தும் வழியும் இதுதான்.

சரி, நோட்டில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது? பூஞ்சைகளுக்கு ஐ.டி.எஸ். என்ற ஒரு சின்னப் பகுதி வசதியாக அமைந்தது. சுமார் 600 எழுத்துதான் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் எல்லாப் பூஞ்சையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, நடுப்பகுதி மட்டும் இனத்துக்கு இனம் மாறும். 1990-ல் அதைப் பிடித்தெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். 2012-ல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, பூஞ்சைகளுக்கு இதுவே பொதுவான அடையாளக் கோடு என்று முன்மொழிந்தார்கள். சோப்புப் பெட்டியில் கறுப்புக் கோடு இருக்கிறதே, அந்த மாதிரி.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முழு நோட்டின் கதையைச் சொல்லிவிட முடியுமா? ஒரு பையன் ஒன்பது சோதனையைத் தன் நண்பனைப் பார்த்தும், பத்தாவது சோதனையை மட்டும் வேறு செக்ஷன்காரனைப் பார்த்தும் எழுதியிருக்கலாம். பத்தாவதை மட்டும் பார்த்தால் அவன் வேறு செக்ஷன் என்றே நினைத்துவிடுவோம். அதனால்தான் முழு நோட்டையும், அதாவது முழு மரபணுத் தொகுதியையும் படிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஜீனோமிக்ஸ்.

இது நம்ம சப்ஜெக்ட்தான்

ஒரு சின்னக் காளான் துண்டில் இருக்கும் டி.என்.ஏ. மிகக் கொஞ்சம். அதைப் பெருக்க வேண்டும். 1983-ல் கேரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் இதற்கு வழி கண்டார், 1993-ல் நோபல் பரிசு வாங்கினார். பி.சி.ஆர். என்ற அந்த மெஷினை நம் கண்ணால் பார்த்தால், அது துல்லியமாகச் சூடேற்றிக் குளிர்விக்கும் ஒரு பெட்டி. சுமார் 94 டிகிரியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். சுமார் 55 டிகிரியில் அடையாளத் துண்டுகள் வந்து ஒட்டும். 72 டிகிரியில் புதுப் பிரதி வளரும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். 30 சுற்று ஓடினால் 2-ன் அடுக்கு 30, அதாவது ஒன்றிலிருந்து சுமார் 107 கோடி! டெம்பரேச்சர் கன்ட்ரோல் சரியில்லையென்றால் ஒன்றும் நடக்காது. இதில் பாதி வேலை நம் ஆட்களின் வேலை.

எழுத்துகளைப் படிக்கும் முறையை 1977-ல் கொடுத்தவர் ஃபிரெட்ரிக் சேங்கர். அந்த முறையில் 1996-ல் ஒரு பூஞ்சையின் முழு நோட்டையும் படித்து முடித்தார்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்தான் அது. சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள், சுமார் 6,000 மரபணுக்கள். செல்லுக்குள் உட்கரு உள்ள உயிர்களில் முதன்முதலாக முழுக்கப் படிக்கப்பட்டது மனிதன் அல்ல, இந்த ஈஸ்ட்தான். 600-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து இழுத்த தேர்!

இன்றைக்கோ உள்ளங்கையில் அடங்கும் கருவி இருக்கிறது. 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்தது. ஒரு சவ்வில் மிக நுண்ணிய துளை. அதன் வழியே கரண்ட் ஓடுகிறது. டி.என்.ஏ. இழை துளைக்குள் நுழையும்போது எழுத்துக்கு ஏற்ப கரண்ட் கூடிக் குறைகிறது. அந்தச் சிக்னலைக் கம்ப்யூட்டர் எழுத்தாக மாற்றுகிறது. மிகச் சிறிய கரண்டை இரைச்சலிலிருந்து பிரித்து அளப்பது எப்படி? இது நம் மெஷர்மென்ட்ஸ் பேப்பரில் வருகிற கேள்விதானே!

லண்டன் கடையில் ஒரு பாக்கெட்

2014-ல் லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த பிரின் டென்டிங்கர், லாரா சுஸ் என்ற இருவர் கடையில் ஒரு பாக்கெட் உலர்ந்த காளான் வாங்கினார்கள். போர்சினி என்ற ஜாதி, சீனாவிலிருந்து வந்தது. அதிலிருந்து 15 துண்டுகளை எடுத்து டி.என்.ஏ. பார்த்தார்கள். 3 இனங்கள் இருந்தன. மூன்றில் ஒன்றுக்குக்கூட அறிவியல் பெயர் இல்லை! அத்தனை பேர் சமைத்துச் சாப்பிடும் பொருள், எந்தப் பட்டியலிலும் இல்லை. சீன மொழிச் சொற்களைக் கொண்டே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அதில் ஒன்றுக்கு "உண்ணத்தக்கது" என்றே பொருள்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். காட்டில் பொறுக்கிக் காயவைத்து விற்ற அந்த ஊர்ச் சனங்களுக்கு அந்தக் காளான் தெரியும். புத்தகத்துக்குத்தான் தெரியவில்லை. உலகத்தில் இதுவரை பெயர் வைத்த பூஞ்சை இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். மொத்தம் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் மதிப்பிட்டார்கள். மிச்சமெல்லாம் ரேஷன் கார்டில் பெயர் ஏறாத ஆட்கள் மாதிரி. இருக்கிறார்கள், கணக்கில் இல்லை.

விஷம் எப்படிக் கைமாறியது?

பெயர் தெரிவது வெறும் அழகுக்கு இல்லை, உயிர்ப் பிரச்சனை. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள். வழக்கமாகப் பொறுக்குகிற காளான் மாதிரியே இருந்ததைத்தான் சமைத்திருப்பார்கள்.

உலகத்தில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற ஒரே காளானுக்குச் சேரும். அதன் விஷம் அமானிட்டின். 8 அமினோ அமிலங்கள் வளையமாகச் சேர்ந்த சின்ன மூலக்கூறு. சமைத்தாலும் அழியாது. நம் செல்லில் மரபணுவைப் படித்து வேலைக்கு அனுப்பும் என்சைமைப் பூட்டிவிடும். மோசம் என்னவென்றால், சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. 6 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். பிறகு சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்போதுதான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

இதே விஷம் கலெரினா, லெபியோட்டா என்ற வேறு இரண்டு சாதிக் காளான்களிலும் இருக்கிறது. மூன்றும் நெருங்கிய சொந்தம் இல்லை. பிறகு எப்படி? 2007-ல் இந்த விஷத்துக்கான மரபணுவையே கண்டுபிடித்தார்கள். பிறகு மூன்றின் ஜீனோமையும் ஒப்பிட்டு 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். விஷம் செய்யும் மரபணுக்கள் மூன்றிலும் தனித்தனியாகத் தோன்றவில்லை, வம்சம் விட்டு வம்சம் தாவி வந்திருக்கின்றன என்று தெரிகிறது. பத்தாவது சோதனையை மட்டும் வேறு செக்ஷனில் பார்த்து எழுதிய கதைதான்!

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. "இந்தக் குடும்பம் நல்ல குடும்பம், பயப்படாமல் சாப்பிடலாம்" என்ற பேச்சு காளானிடம் செல்லாது. பூண்டு போட்டுச் சமைத்தால் கறுக்கும், வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதெல்லாமும் செல்லாது. அந்த மரபணு இருக்கிறதா இல்லையா என்பது வெள்ளிக்காசுக்குத் தெரியாது.

கரையான் செய்த விவசாயம்

நம் பக்கத்துக் காளான் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியுமா? இடி இடித்து மழை பெய்தால் புற்றுக்காளான் முளைக்கும் என்பார்கள். அம்மா அதைத் தோண்டும்போது பார்த்தால் தண்டு வேர் மாதிரி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். அந்த வேர் போய் நிற்கும் இடம் கரையான் புற்று.

1942-ல் பிரான்ஸ் நாட்டு ரோஜர் ஹெய்ம் இந்தக் கூட்டத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் இந்தியாவிலிருந்து ஒரு புது இனத்தை விவரித்து, ஹெய்மை நினைவுகூர்ந்து டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மியை என்று பெயரிட்டார். இன்றைக்கு உலகம் முழுவதும் அந்தப் பெயர்தான்.

கரையான் காய்ந்த சருகையும் மரத்தையும் மென்று புற்றுக்குள் பாத்தி கட்டுகிறது. அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. டி.என்.ஏ. மரம் வரைந்து 2002-ல் கண்டது, இந்த விவசாயம் ஒரே ஒரு தடவைதான், ஆப்பிரிக்காவில் தொடங்கியது. சுமார் 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பிரியவே இல்லை. மனிதன் விதை விதைக்கக் கற்று 12,000 ஆண்டுகள் இருக்கும். புற்றுக்காளானை ஷெட் போட்டு வளர்க்க முடியாததற்கும் இதுதான் காரணம். கரையான் இல்லாமல் அது வாழாது. ஆனால் அதே லயோஃபில்லேசியே குடும்பத்துப் பால் காளானைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்ப்புக்குக் கொண்டுவந்து 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற ரகமாக வெளியிட்டது. வெயில் தாங்கும் அந்தக் காளான் இன்று நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுகிறது.

எதை வளர்க்கலாம், எதை வளர்க்க முடியாது என்பதும் ஜீனோமில் எழுதியிருக்கிறது. 2015-ல் 49 பூஞ்சைகளின் ஜீனோமை ஒப்பிட்டார்கள். மரத்தின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் காளான்கள், மரத்தைச் செரிக்கும் மரபணுக்களில் பலவற்றை இழந்துவிட்டன. மரமே சர்க்கரை ஊட்டுகிறது, பிறகு எதற்கு அந்தச் சாமான்? அதுவும் ஒரு தடவை அல்ல, தனித்தனி வம்சங்களில் பல தடவை நடந்திருக்கிறது. அதனால்தான் சிப்பிக்காளான் வைக்கோலில் வளரும், போர்சினி வளராது.

நிலக்கரி வழக்கு

மரத்துக்கு முறுக்கம் கொடுப்பது லிக்னின். அதைச் சிதைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முழுசாகச் சிதைக்கத் தெரிந்தவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள்தான். 2012-ல் 31 பூஞ்சை ஜீனோம்களை ஒப்பிட்டு, இந்தத் திறமை சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது என்றார்கள். நிலக்கரி மிக அதிகமாக உருவான காலம் முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆகவே காளான்தான் நிலக்கரியை நிறுத்தியது என்று ஒரு கருத்து எழுந்தது. 2016-ல் வேறு சிலர் எதிர்வாதம் வைத்தார்கள். அந்தக் காலத்து ஈரமான வெப்பநிலையும் தாழ்ந்த சதுப்பு நிலங்களும்தான் நிலக்கரிக்குக் காரணம், பூஞ்சை அல்ல என்றார்கள். நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் வயது 7 கோடி ஆண்டுக்கும் குறைவு. வெள்ளை அழுகல் வந்து எவ்வளவோ காலம் கழித்தும் நிலக்கரி உருவாகியிருக்கிறதே! ஜீனோம் தேதியைச் சொல்லும். காரணத்தைச் சொல்ல மண்ணையும் கல்லையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அறிவியலில் இப்படித் தைரியமாக மறுத்துப் பேசலாம் என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியானால் வேர் இல்லையா?

இனி அந்த வசவுக்கு வருவோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் காட்டில் ஒரே மரபணு உள்ள பூஞ்சை 37 ஏக்கருக்குப் பரவியிருப்பதை 1992-ல் மூன்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அர்மில்லேரியா என்ற சாதி. எங்கே தோண்டி எடுத்தாலும் ஒரே ஆள்! வயது 1,500 ஆண்டு இருக்கும் என்றார்கள். 2018-ல் அதே குழு திரும்பவும் போய், 15 இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் முழு ஜீனோமையும் படித்தது. கோடிக்கணக்கான எழுத்துகளில் மாறியிருந்தவை 163 மட்டுமே. கணக்கையும் திருத்தினார்கள். வயது குறைந்தது 2,500 ஆண்டு, எடை சுமார் 4 லட்சம் கிலோ. இலையுதிர் காலத்தில் அந்தக் காட்டில் நேற்று முளைத்த மாதிரி நாலு குடை தெரியும். கீழே 2,500 வருஷத்து ஆள் படுத்திருக்கிறான்.

நேற்று முளைத்ததாகத் தெரிவது குடை மட்டும்தான் நண்பர்களே. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலருக்கும் அப்படித்தான். வீட்டில் எழுதத் தெரியாது என்பதால் அறிவு இல்லை என்று ஆகிவிடாது. எந்தப் புற்றில் எந்த மாதம் எது முளைக்கும், எதைத் தொடக்கூடாது என்று அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் தெரிந்தது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஏற்ற வேண்டியது நம் வேலை.

மெஷின் வந்துவிட்டால் இந்த அறிவு தேவையில்லை என்றும் நினைக்காதீர்கள். பொது டேட்டாபேஸில் இருந்த பூஞ்சை டி.என்.ஏ. பதிவுகளை 2006-ல் சரிபார்த்தவர்கள், சுமார் 5-ல் 1 பங்குக்குப் பெயரே தவறாக இருக்கலாம் என்று கண்டார்கள். தப்பான பெயரில் போட்டால் கம்ப்யூட்டரும் தப்பாகத்தான் சொல்லும். காளானைக் காட்டில் பார்த்து அடையாளம் சொல்கிற கண்ணும் வேண்டும், எழுத்தைப் படிக்கிற கருவியும் வேண்டும்.

ஆகவே நண்பர்களே, இந்த மழைக்காலத்தில் ஊருக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். கண்ணில் படும் காளானை மேலிருந்தும் அடியிலிருந்தும் போட்டோ எடுங்கள். எந்த ஊர், எந்த மரத்தடி, எந்தத் தேதி, வீட்டுப் பெரியவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டைக் காகித உறையில் போட்டு நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த காளானிலிருந்து பல வருஷம் கழித்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். கியூ பூங்காவில் அப்படி 12 லட்சத்துக்கும் மேல் காய்ந்த மாதிரிகள் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

தெரியாத காளானை மட்டும் தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள். தப்பித்தவறி யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி நின்றுவிட்டதே என்று சும்மா இருக்காமல், மிச்சமிருக்கும் காளான் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.



இரண்டாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு